லோடு ஆகுற நேரத்துக்கும் காசாண்ணே?

போன மே மாத விடுமுறையில் ஒரு நாள் மத்தியானம், என் மகள் மடிக்கணினியில் விளையாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் ஸ்டாப்வாட்ச் போட்டேன். அவளுக்கு ஒன்பது வயது. இறக்கிப் பதிய வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், காசு வேண்டாம், பொத்தானை அழுத்தினால் உடனே விளையாடலாம் என்று அழைக்கும் தளங்களில் ஒன்றில் அவள் இருந்தாள். நான் அளந்தது விளையாட்டை இல்லை. விளையாட்டு தொடங்குமுன் ஒரு விளம்பரம், ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் வருமுன் இன்னொன்று, செத்துப்போனால் மறுபடி உயிர் வாங்க மற்றொன்று. கால் மணி நேரத்தில் பத்து விளம்பரங்கள். ஏழு விளம்பரம் தலா முப்பது வினாடி, மூன்று விளம்பரம் தலா பதினைந்து வினாடி. ஆக 4 நிமிடம் 15 வினாடி.

இப்படி அளப்பது எனக்குப் பழைய தொழில் புத்தி. இருபது வருடத்துக்கு முன்னால் கோவில்பட்டியில் ஒரு பிரௌசிங் சென்டரில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். அடுத்தவர் நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று பார்த்துக் காசு வாங்குவதுதான் என் வேலை. அந்தக் கணக்கை மகளிடம் சொன்னபோது அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பதில் சொன்னாள். "காசா கேக்குறாங்க? சும்மா உக்காந்து பாத்தா போதும்ப்பா." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அந்த 'உக்காந்து' என்ற சொல்லில் எங்கேயோ போய் இடித்தது. நாலாம் நம்பர் மெஷினுக்கு வரும் அந்தப் பையன் ஞாபகத்துக்கு வந்துவிட்டான். அவன் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. அன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியுமா என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ஆன்லைன் விளையாட்டு என்றாலே இப்போது ரம்மியும் கடனும் தற்கொலைச் செய்தியும்தான் நினைவுக்கு வருகின்றன. இது அதைப் பற்றியது இல்லை. இது காசே கேட்காத விளையாட்டுகளைப் பற்றியது.

நாலாம் நம்பர் மெஷின்

சென்டர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது. எட்டு மெஷின்கள், நடுவே பிளைவுட் தடுப்பு, டப்பா மானிட்டர்கள், ஒரு டேபிள் ஃபேன். மணிக்கு 20 ரூபாய். குறைந்தது கால் மணி நேரம், 5 ரூபாய். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். கடலை மிட்டாய் மொத்த வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். மிட்டாயை எடை போட்ட பழக்கத்தில் நேரத்தையும் எடை போட்டுத்தான் பார்ப்பார். 'கேம் விளையாடக் கூடாது' என்று சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. சாயங்காலம் நாலரை மணிக்குமேல் அந்தத் தாளை அண்ணாச்சி உட்பட யாரும் கண்டுகொள்ள மாட்டோம். ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் நாள், ஏதாவது விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் என்றால் படிக்கட்டு வரை கூட்டம் நிற்கும். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் வரவில்லையென்றால் கரண்ட் பில் கட்ட முடியாது. எங்கள் சென்டரில் விசைப்பலகைகளை மாற்றும்போது பார்த்தால் எழுத்துகள் புதுசாகவே இருக்கும். அம்புக்குறிகளும் ஸ்பேஸ் பாரும் மட்டும் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருக்கும்.

எங்களிடம் இருந்தது பிராட்பேண்ட். அந்தச் சொல்லை அண்ணாச்சி போர்டில் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தார். 2004இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கையின்படி நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட்தான். 256 கிலோபிட் என்றால் நொடிக்கு 32 கிலோபைட். இரண்டு எம்பி உள்ள ஒரு விளையாட்டு, லைனில் வேறு யாருமே இல்லையென்றால், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே வந்து இறங்கிவிடும். ஆனால் சாயங்காலம் எட்டில் ஆறு மெஷினில் ஆள் இருக்கும். ஆறு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ஆறு நிமிடம், ஆறரை நிமிடம்.

அப்போதெல்லாம் உலாவியில் விளையாட்டு என்றால் ஃப்ளாஷ்தான். 1996இல் வேறு பெயரில் வந்து, அதே வருடம் மேக்ரோமீடியா நிறுவனத்தின் கைக்குப் போய் இந்தப் பெயர் வாங்கி, 2005இல் அடோபி நிறுவனத்தின் கைக்கு மாறிய மென்பொருள்; உலாவிக்குள் அசையும் படமும் விளையாட்டும் ஓடுவது அதனால்தான். படங்களைப் புள்ளி புள்ளியாக வைத்துக்கொள்ளாமல் கோடும் வளைவுமாகக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளும் என்பதால் ஒரு முழு விளையாட்டே இரண்டொரு எம்பிக்குள் அடங்கிவிடும். அந்தச் சிக்கனம் இல்லையென்றால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது எட்டியே இருக்காது. பெரும்பாலானவர்களுக்கு ஸ்டிக் கிரிக்கெட். பந்து போட வேண்டாம், ஃபீல்டிங் நிற்க வேண்டாம், அம்புக்குறியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தட்டி அடித்துக்கொண்டே இருக்கலாம். ஒருவன் ஆட நாலு பேர் பின்னால் நின்று கத்துவார்கள். நின்றவர்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்த விஷயம் பின்னால் வரும்.

நான் சொல்ல வந்த பையன் இவர்களோடு சேரமாட்டான். பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். விடியற்காலையில் சைக்கிளில் பேப்பர் போடுவான். வாரத்துக்கு மூன்று நாலு தடவை, சரியாக ஐந்து ரூபாய்க் காசோடு வருவான். எப்போதும் நாலாம் நம்பர்தான் வேண்டும். அதில் ஆள் இருந்தால் காத்திருப்பான். அவன் விளையாடியது மலைமேல் பைக் ஓட்டும் ஏதோ ஒன்று. பெயர் அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, ரெண்டு பேருக்கும் அது 'சிவப்பு பைக்'. எங்கே அழுத்தி எங்கே போனால் அது வரும் என்பது மட்டும் அவனுக்கு மனப்பாடம். என் கவுண்டரிலிருந்து பார்த்தால் நாலாம் நம்பர் திரை அப்படியே தெரியும். அதனால் அந்த லோடிங் திரை எனக்கும் மனப்பாடம். கறுப்புப் பின்னணியில் மெல்லிய நீலப் பட்டை, இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டே இருக்கும். பையன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் பட்டை பாதியில் இருக்கும்போது திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்.

"லோடு ஆகுற நேரத்துக்கும் காசாண்ணே?"

"ஆமா."

"நான் இன்னும் வெளையாடவே ஆரம்பிக்கலயே."

"மெஷின்ல உக்காந்துட்டேல்ல?"

அவன் திரும்பிக்கொண்டான். கால் மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய் என்றால் ஆறு நிமிடத்துக்கு இரண்டு ரூபாய். இலவச விளையாட்டுக்கு அவன் கொடுத்த ஐந்தில் இரண்டு ரூபாய் அந்த நீலப் பட்டையைப் பார்ப்பதற்கே போனது. இதை நான் அன்று கணக்குப் போடவில்லை. போட்டது கொஞ்ச நாள் கழித்து, அவன் இரண்டாவது கேள்வியைக் கேட்டபோது.

"நேத்து லோடு ஆனது எங்கண்ணே போச்சு?"

கேள்வி எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. அவன் ஒன்றைக் கவனித்திருக்கிறான். விளையாடிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் ஜன்னலை மூடிவிட்டு மறுபடி திறந்தால், பட்டை ஒரே ஓட்டமாக ஓடி முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் ஒரு தடவை வந்தது இந்த டப்பாவுக்குள் எங்கேயோ இருக்கிறது. அதனால்தான் அவன் நாலாம் நம்பரையே கேட்டிருக்கிறான். நேற்று வந்தது இதற்குள் இருக்கும் என்ற நம்பிக்கை. ஆனால் மறுநாள் வந்தால் பட்டை மறுபடி ஆமை மாதிரி நகர்கிறது. அவனுக்கு அது விளங்கவே இல்லை.

எனக்கு விளங்கிவிட்டது. இராத்திரி கடை மூடும்போது எட்டு மெஷினிலும் உலாவி சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். யார் யாரோ மின்னஞ்சல் பார்க்கிறார்கள், யார் யாரோ என்னென்னவோ பார்க்கிறார்கள், ஒருவர் பார்த்தது அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. நல்ல காரியம் என்று நினைத்துச் செய்த வேலை. பையன் காசு கொடுத்து இறக்கி வைத்ததை ஒவ்வொரு ராத்திரியும் நானே துடைத்துப் போட்டிருக்கிறேன். மறுநாள் அதே சரக்குக்கு மறுபடி காசு வாங்கியிருக்கிறேன்.

"அதெல்லாம் தானா போயிடும்டே" என்று சொன்னேன். அந்தப் பொய் எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவன் என்னை ஒன்றும் செய்திருக்கப்போவதில்லை.

நாற்காலிக்கு வாடகை

மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, அந்தக் கோப்பை எடுத்து நாலாம் நம்பரின் டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டரில் போட்டேன். ஃபோல்டருக்கு, கணக்கு எழுதும் மென்பொருளின் கோப்பு மாதிரி, 'டேலி பில்' என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரைப் பார்த்து யாரும் திறக்கமாட்டார்கள். எல்லா விளையாட்டும் இதற்கு ஒத்துக்கொள்ளாது. தன் சொந்தத் தளத்தில் இல்லாமல் வேறு எங்கே திறந்தாலும் வெறும் கறுப்புத் திரை காட்டும்படி சிலர் எழுதி வைத்திருப்பார்கள். சிவப்பு பைக் நல்ல பிள்ளை, திறந்தது. பையனைக் கூப்பிட்டு, எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்தேன். அன்று அவன் முழுசாகப் பதினைந்து நிமிடமும் பைக் ஓட்டினான். எழுந்து போகும்போது என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

இது எத்தனை நாள் ஓடும்? பையன்களுக்குள் விஷயம் பரவி, டேலி பில் ஃபோல்டரில் ஒன்பது விளையாட்டுகள் சேர்ந்தபிறகு அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. முக்கால் மணி நேரம் உட்கார்கிறவன் அரை மணியில் எழுந்து போகிறான் என்றால் எடை போடுகிறவர் கண்ணுக்கு அது தப்புமா? அவர் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, தியேட்டர்ல படத்துக்கு முந்தி விளம்பரம் போடுதான்லா. அதுக்கு டிக்கெட்ல காசு கொறச்சுக் கேப்பியா?"

"இல்ல அண்ணாச்சி."

"நாம கேமுக்கா காசு வாங்குதோம்? கேம எவனோ சும்மா குடுக்கான். நாம வாங்குறது நாற்காலிக்கு வாடகை. லைனு, கரண்டு, யூபிஎஸ் பேட்டரி, ஒன் சம்பளம் எல்லாம் அந்த நாற்காலியிலதான் இருக்கு. அவன் வெளையாடுனா என்ன, செவத்தப் பாத்துட்டு இருந்தா என்ன?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. இன்றைக்கும் என்னால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. பேட்டரிக்கு அவர் எவ்வளவு செலவு செய்தார் என்பது எனக்குத் தெரியும். அது மின்வெட்டுக் காலம். ஃபோல்டரை அழித்தேன்.

மறுநாள் பையன் வந்தான். திறந்து பார்த்தான், இல்லை. என்னிடம் வந்தான். அண்ணாச்சி என் பக்கத்திலேயே உட்கார்ந்து பழைய பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் சொன்னதையே அவனுக்குச் சொன்னேன்: காசு நாற்காலிக்கு, விளையாட்டுக்கு இல்லை. அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு நாலாம் நம்பருக்குப் போய், உட்காராமல் குனிந்து நின்றபடியே தளத்தைத் திறந்து, பைக் மேல் அழுத்திவிட்டு, நாற்காலியை மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, வெளியே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டான்.

"என்னடே?"

"லோடு ஆவட்டும்ண்ணே. நான் உக்காரலல்லா. உக்காந்தப்புறம் டைம் போடுங்க."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் பில்லைப் பார்த்தபடியே இருந்தார். நாலாம் நம்பரில் நீலப் பட்டை ஆளில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. ஸ்டிக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும் நாலு பேருக்குக் காசு இல்லை என்றால் இவனுக்கு மட்டும் எப்படி? அதைத்தான் அவரும் யோசித்திருப்பார் என்று நினைக்கிறேன். ஒரு நிமிடம் கழித்து, தலையைத் தூக்காமல், "வேற ஆளு வந்தா மெஷினக் குடுத்துரணும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் ஒருவனுக்கு மட்டும் அந்தச் சலுகை. மற்ற பையன்களும் கேட்டார்கள், அண்ணாச்சி விரட்டிவிட்டார். ஏன் அவனுக்கு மட்டும் என்று நான் கேட்டதற்கு, "அவன் கேட்டான். அதுக்கு முந்தி நீங்க யாராச்சும் கேட்டியளா?" என்றார்.

அவன் வாசலில் நிற்கும் ஆறு நிமிடத்தில் ஒன்றும் செய்யமாட்டான். கீழே பஸ் போவதைப் பார்ப்பான். அடிக்கடி எட்டி நாலாம் நம்பரையும் பார்ப்பான். ஆனால் முன்பு தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பையன் வேறு, இவன் வேறு. அது எனக்கு அப்போதே தெரிந்தது.

பட்டைக்குள் வந்து உட்கார்ந்தவர்கள்

நான் சென்டரை விட்டு வெளியே வந்து மதுரையில் வேறு வேலைக்குப் போன காலத்தில்தான், அந்த நீலப் பட்டைமேல் எனக்கு முன்பே வேறு சிலருக்கும் கண் இருந்தது தெரிந்தது. மோச்சி மீடியா என்று சான்பிரான்சிஸ்கோவில் ஒரு நிறுவனம். தனியாக உட்கார்ந்து ஃப்ளாஷ் விளையாட்டு செய்கிறவர்களுக்குப் பிழைப்புக்கு வழியே இல்லாமல் இருந்தது. ஒரு விளையாட்டை வெளியிட்டால் ஆயிரம் தளங்கள் அதைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளும், செய்தவனுக்கு ஒரு பைசா வராது. மோச்சி கண்டுபிடித்த வழி, விளையாட்டுக் கோப்புக்குள்ளேயே, லோடு ஆகும் நேரத்தில் ஓடுகிற மாதிரி விளம்பரத்தைப் பொருத்துவது. கோப்பு எந்தத் தளத்துக்குத் திருடு போனாலும் விளம்பரமும் கூடவே போகும், செய்தவனுக்குக் காசு வரும். புத்திசாலித்தனம்தான். எப்படியும் சும்மா பட்டையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறான், அதற்குப் பதில் இதைப் பார்க்கட்டும். கிட்டத்தட்ட அண்ணாச்சியின் தியேட்டர் நியாயம். எங்கள் ஊர் லைனில் அந்த விளம்பரம் இறங்குவதற்கும் தனியாக நேரம் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மோச்சி 2014இல் கடையை மூடிவிட்டது.

அப்புறம் ஃபார்ம்வில் என்ற தோட்டம் போடும் விளையாட்டு. 2009 ஜூனில் ஜிங்கா நிறுவனம் ஃபேஸ்புக்கில் விட்டது. உச்சத்தில் மாதத்துக்கு 8 கோடிப் பேருக்குமேல் அதில் உழுதார்கள். மதுரையில் எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தபோதெல்லாம் முதலில் தோட்டத்தைத்தான் பார்ப்பார். ஸ்ட்ராபெரி விதைத்தால் நாலு மணி நேரத்தில் பழுக்கும். சமயத்துக்கு வந்து பறிக்காவிட்டால் வாடிப்போகும். அதில் லைன் வேகத்தால் வந்த காத்திருப்பு எதுவும் கிடையாது. கணினிக்குள் ஒரு ஸ்ட்ராபெரி பழுக்க ஒரு வினாடிகூடத் தேவையில்லை. நாலு மணி நேரம் என்பது வேண்டுமென்றே நட்டு வைத்த காத்திருப்பு. அது பொறுக்காதவர்களுக்கு ஒரு வழி இருந்தது. காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுப் பணத்தைக் கொண்டு ஒரு குட்டி விமானத்தைக் கூப்பிட்டால் அது வயல்மேல் பறந்து பயிரை ஒரே நொடியில் விளைய வைத்துவிடும். அண்ணாச்சி தன்னால் தவிர்க்க முடியாத தாமதத்துக்கு வாடகை வாங்கினார். இவர்கள் தாமதத்தைத் தாங்களே தயாரித்து, அதிலிருந்து விடுதலையையும் தாங்களே விற்றார்கள். நான் மூன்று வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் எனக்கு இந்த யோசனை தோன்றவே இல்லை என்பதில் ஒரு பக்கம் நிம்மதி.

இதற்கு நேர் எதிராக ஒன்றும் நடந்தது. 2014 செப்டம்பரில் குரோம் உலாவிக்குள் ஒரு டைனோசரை வைத்தார்கள். இணையம் இல்லை என்று சொல்லும் பக்கத்தில் சும்மா நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஓட ஆரம்பிக்கும், கள்ளிச் செடிகளைத் தாண்ட வேண்டும். இணையம் இல்லாமல் போனால் கற்காலத்துக்கும் முந்தைய காலத்துக்குப் போனது மாதிரிதானே என்ற கிண்டலில் பிறந்ததாக அதை வடிவமைத்த செபாஸ்டியன் கேப்ரியல் சொல்லியிருக்கிறார். 2018இல் அவர்கள் சொன்ன கணக்குப்படி மாதத்துக்கு 27 கோடி ஆட்டங்கள். அதில் பெரும்பாலானவை எங்கிருந்து தெரியுமா? இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும், அல்லது டேட்டா விலை அதிகமான நாடுகளிலிருந்து. இந்தியா, பிரேசில், மெக்சிகோ, இந்தோனேசியா. முழுசாக ஓடி முடிக்க 1 கோடியே 70 லட்சம் வருடம் ஆகும்படி கட்டியிருக்கிறார்களாம். என் கணக்கில் அது மணிக்கு 20 ரூபாய் வீதம் எவ்வளவு என்று ஒரு நாள் பெருக்கிப் பார்த்தேன். ஏறக்குறைய மூன்று லட்சம் கோடி. அண்ணாச்சியிடம் சொன்னால் சந்தோஷப்படுவார்.

டைனோசர் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அதன் ஓட்டம் இல்லை, சில நிமிடத்தில் அலுத்துவிடும். அது நின்ற இடம்தான் காரணம். லைன் போய்விட்டது, இனி வரும்வரை ஒன்றும் செய்வதற்கில்லை என்ற அந்த வெற்று நேரத்தில் எதையும் விற்காமல் விளையாட ஒன்றைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் தாங்க முடியாமல் அதை அணைத்து வைக்க வழி கேட்டதும், கொடுத்ததும் வேறு கதை.

வேர்டில் என்ற, சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு இன்னொரு விதம். ஜோஷ் வார்டில் என்பவர் தன் துணைவிக்காகச் செய்து 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நவம்பர் முதல் தேதி ஆடியவர்கள் 90 பேர், இரண்டு மாதம் கழித்து 3 லட்சம். ஜனவரி முடிவில் நியூயார்க் டைம்ஸ் பத்து லட்சம் டாலருக்கும் மேலே கொடுத்து வாங்கிவிட்டது. ஐந்தெழுத்து, ஆறு முயற்சி, அப்போதெல்லாம் ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. என் மனைவி காலைக் காபியோடு ஆடுவாள். அந்தச் சமயத்தில் ஒரு நாள் மகள் கேட்டாள்: "முடிஞ்சிருச்சா? இன்னொண்ணு இல்லையா?" "நாளைக்கு." "காசு குடுத்தா?" "அப்பவும் நாளைக்குத்தான்." மகள் அம்மாவைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையே இல்லை. காத்திருக்கச் சொல்லிவிட்டு அந்தக் காத்திருப்புக்குள் ஒன்றையும் திணிக்காத விளையாட்டை அவள் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

ஏனென்றால் அவள் காலத்தில் லோடு ஆகும் நேரம் என்றே ஒன்று கிடையாது. எங்கள் வீட்டு லைன் நொடிக்கு 100 மெகாபிட். கோவில்பட்டி சென்டருக்கு மொத்தமாக வந்ததைப் போல ஏறக்குறைய 400 மடங்கு. இரண்டு எம்பி விளையாட்டு கண்ணைச் சிமிட்டுவதற்குள் வந்து விழுந்துவிடும். நீலப் பட்டை நகர்ந்த காலத்தில், எப்படியும் சும்மாதானே இருக்கிறாய் என்று சொல்லி அதற்குள் விளம்பரம் வந்து உட்கார்ந்தது. பட்டை போய்விட்டது, விளம்பரம் எழுந்து போகவில்லை. தான் உட்காருவதற்காகவே இப்போது ஒரு பட்டையை வரைந்துகொள்கிறது: முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. ஸ்டாப்வாட்சில் நான் பார்த்த 4 நிமிடம் 15 வினாடியில் லைன் காரணமாக ஆன தாமதம் ஒரு வினாடிகூட இல்லை. அந்த விளையாட்டைச் செய்தவனும் சாப்பிட வேண்டுமே என்றால், ஆமாம், வேண்டும். அண்ணாச்சிக்கும் பேட்டரிச் செலவு இருந்தது. பையனின் இரண்டு ரூபாயில்தான் என் சம்பளமும் இருந்தது. அதனால் எனக்கு இதில் கோபப்பட முழு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் எங்கள் சென்டரில் கேட்பதற்கு எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

சிவப்பு பைக்கைத் தேடி

2020 டிசம்பர் 31இல் அடோபி ஃப்ளாஷைக் கைவிட்டது. ஃபார்ம்வில்லும் அதே நாளில் மூடப்பட்டது. 2021 ஜனவரி 12 முதல் அடோபியின் ஃப்ளாஷ் பிளேயரில் எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஓடாதபடி செய்துவிட்டார்கள். அதற்கு முன்பே 2018இல் ஆஸ்திரேலியர் ஒருவர் தொடங்கிய ஃப்ளாஷ்பாயிண்ட் என்ற திட்டத்தில் பலர் சேர்ந்து ஒரு லட்சத்துக்கும் மேலான விளையாட்டுகளைச் சேர்த்துக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ராத்திரியும் எட்டு மெஷினைத் துடைத்தவனுக்கு அந்த எண்ணைப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஸ்டாப்வாட்ச் போட்ட அந்த வாரத்தில் அதை இறக்கி, சிவப்பு பைக்கைத் தேடினேன். பெயர் தெரியாமல் எப்படித் தேடுவது? பைக், மலை, மோட்டார் என்று என்னென்னவோ அடித்து, வந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்தேன். சிவப்பு பைக்குகளே ஏழெட்டு இருந்தன. ஒன்றில் மட்டும் இதுதானோ என்று தோன்றியது. ஆனால் எனக்கு அந்த விளையாட்டைவிட அதன் லோடிங் திரைதான் நன்றாகத் தெரியும். இப்போது கோப்பு என் கணினியிலேயே இருக்கிறது. பட்டை வந்ததா என்பதைக்கூடப் பார்க்க முடியவில்லை, அதற்குள் பைக் மலை அடிவாரத்தில் நின்று உறுமிக்கொண்டிருந்தது. மூடிமூடித் திறந்து பார்த்தேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

பையன் என்ன ஆனான் என்றும் தெரியாது. நான் போன பிறகும் கொஞ்ச நாள் வந்துகொண்டிருந்தான் என்று அண்ணாச்சி சொன்னார். 2011இல் சென்டர்களுக்குப் புது விதிகள் வந்தன. தடுப்பு நாலரை அடிக்குமேல் இருக்கக் கூடாது, யார் வந்தார்கள் என்று பதிவேடு வேண்டும், அடையாள அட்டை இல்லாத சிறுவர்கள் பெரியவர் துணையில்லாமல் வரக் கூடாது. பையன்கள் குறைந்தார்கள், பிறகு கைபேசி வந்தது. இப்போது அந்த மாடியில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும்.

நேற்று சாயங்காலம் சமையலறையில் இருந்தேன். மகள் வந்து குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் குடித்தாள். ஜன்னலில் எட்டிப் பார்த்து, கீழ் வீட்டு நாய்க்குட்டி என்ன செய்கிறது என்று சொன்னாள். அவசரமே இல்லாமல் பாட்டிலை மூடி வைத்தாள். "விளையாடலையா?" என்றேன். "ஓடிட்டிருக்கு" என்றாள். எட்டிப் பார்த்தேன். மேஜைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. யாரோ ஒரு பெண் பளபளக்கும் தலைமுடியை ஆட்டி ஆட்டி ஷாம்பு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூலையில் எண்கள் குறைந்துகொண்டு வந்தன, பதினொன்று, பத்து, ஒன்பது. எதிரே நாற்காலி காலியாக இருந்தது.